அம்சவேணி பேசுகிறேன்

காஞ்சிபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புவனா எழுதுவது. இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் லோகேஷின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பாப்பா ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடுகிறாளா?

‘நாள் முழுக்க ஃபோனில் அப்படி என்னதான் பேசுவாய்’ என்று கேட்டிருந்தாய். பேசுவது குறைவு அக்கா. கேட்பதுதான் வேலை. காந்தி ரோட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று ஃபோன். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல அழைப்பார்கள். பெண்கள்தான் அதிகம். அவர்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. நாங்களும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆளுக்கொரு ஃபோன் பெயர் உண்டு. மையத்தை நடத்தும் நசீம் பானு மேடம் ஃபோனில் கீதா. கூட வேலை செய்யும் எஸ்தர் ஃபோனில் மாலதி. நான் சேர்ந்த அன்று உனக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் உன் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து ‘வணக்கம், அம்சவேணி பேசுறேன், சொல்லுங்க’ என்றுதான் எடுக்கிறேன். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். கோபமில்லையே?

இன்னொரு விதியும் உண்டு. சொந்தக் கதையைச் சொல்லக்கூடாது. நாம் ஆரம்பித்தால் அழைத்தவர் தன் கதையை நிறுத்திவிடுவார் என்பார் மேடம்.

இப்போது ஒரு பெண் அழைத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் எழுத மாட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பேசுகிறாள். புருஷன் அடிக்கிறான். ஃபோனை வைத்த பிறகும் என் காதில் அந்தக் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூர் ஏரிக்குப் போய்விடுவேன். லோகேஷ் வாங்கித் தந்த பைனாகுலரில் நத்தைகுத்தி நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு எதுவும் கேட்காது. அவை பேசுவதே இல்லை. அலகைத் தட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

உன் பட்டன் ஃபோனில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம்தான். கடிதம் நிற்காது பார்.

உன் தங்கை,
புவனா


போடி
19 அக்டோபர் 2024

புவனாவுக்கு,

அக்காவின் ஆசிகள். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. பாப்பா இளைத்துவிட்டாள், கேட்டால் ஃபேஷன் என்கிறாள்.

என் பெயரை எடுத்துக்கொண்டதில் கோபமென்ன. என் பெயராவது நாலு பேர் பேசுவதைக் கேட்கட்டும். எனக்குத்தான் கேட்கவில்லை. இதைப் பக்கத்து டீக்கடை கலைவாணன் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும். இங்கே நான் புருஷன் செத்தவள். மஞ்சள் காமாலையில் போய்விட்டார் என்று வந்த புதிதில் சொன்னேன். பாப்பாவுக்கும் அதுதான். அவர் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறார் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பெயரை எடுத்துக்கொள். மற்றதைத் தொடாதே.

தீபாவளித் தையல் கழுத்துவரை இருக்கிறது. மலையில் ஏலக்காய் எடுப்பு ஆரம்பித்துவிட்டதால் தெருவே மணக்கிறது. கலைவாணன் அண்ணன் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கடை வாசல் பலகையைக் காலால் உதைப்பார். எனக்குப் பாதத்தில் தெரியும். தெருவில் எல்லோரும் அதைப் பழகிவிட்டார்கள். வெளியூர் ஆட்களிடம் மட்டும் காதைப் பற்றிச் சொல்வதில்லை. உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவேன்.

அந்தக் குழாய்ப் பெண் அடுத்து என்ன செய்தாள்? எழுத முடிந்தால் எழுது.

அம்சவேணி


காஞ்சிபுரம்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. வேலை அதிகம்.

அந்தப் பெண் வீட்டை விட்டு வந்துவிட்டாள். பத்திரமான இடத்தில் இருக்கிறாள். எங்கே என்று எனக்கும் மேடத்துக்கும்தான் தெரியும். கட்டிய புடவையோடு வரச் சொன்னோம். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம். எடுத்துவந்தால் அதை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வோம்.

அவள் புருஷன் எங்கள் மையத்துக்கு ஃபோன் செய்கிறான். “அம்சவேணி இருக்காங்களா?” என்று கேட்கிறான். கத்துவதில்லை. “அவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசணும். என் பொஞ்சாதி எங்க இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும்” என்கிறான். எஸ்தர்தான் பேசினாள்.

அக்கா, ஒரு உதவி. கடைப் பலகையில் உன் பெயர் இருக்கிறதே, ‘அம்சவேணி தையலகம்’, அதைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வை. பெயிண்ட் அடிக்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிக்கொள். கடைக்குள் நீ தனியாக இருக்கும்போது கதவைத் தாழிட்டுக்கொள். இதற்கு மேல் கேட்காதே.

புவனா


போடி
28 நவம்பர் 2024

புவனாவுக்கு,

ஆசிகள். இங்கே சாரல் விடவில்லை. ஊரே இருமிக்கொண்டிருக்கிறதாம், எனக்கென்ன தெரியும்.

பலகையை ஏன் கழற்ற வேண்டும்? தமிழ்நாட்டில் எத்தனை அம்சவேணி இருக்கிறார்கள். உன் ஊரிலேயே தெருவுக்கொருத்தி இருப்பாள். காஞ்சிபுரத்தில் ஒருவன் அம்சவேணி எங்கே என்று கேட்டால் போடியில் தையல்காரி எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்? தாழிட்டுக்கொண்டால் கலைவாணன் அண்ணன் வாசல் பலகையை உதைத்தே உடைத்துவிடுவார்.

நீ எதையோ விட்டுவிட்டு எழுதுகிறாய். சின்ன வயதில் டம்ளரை உடைத்துவிட்டு வந்து என் மேல் சாய்ந்துகொள்வாயே, உன் எழுத்து அப்படிச் சாய்ந்திருக்கிறது. என்னவென்று எழுது.

ஏரிக்குப் போகிறாயா? நாரைகள் என்ன செய்கின்றன?

அம்சவேணி


காஞ்சிபுரம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இருக்கிறீர்களா?

அவன் மையத்துக்கே வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் ஒரு மைசூர்பாகு டப்பா. “எடுத்துக்கோங்க மேடம், நம்ம ஊர்க் கடைதான்” என்று மேசைமேல் வைத்தான். நசீம் மேடம் அதைத் தொடவில்லை. “அம்சவேணின்னு இங்க யாரும் இல்லப்பா” என்றார். “தெரியுது மேடம். அவங்க இங்க இல்ல. அவங்க இருக்கிற இடம் எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். உங்க வாயால ஒரு தபா கேட்டுக்கலாம்னு வந்தேன்” என்றான்.

நான் அதே அறையில், கை எட்டும் தூரத்தில் இருந்தேன். அவன் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்து, “நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்றான். பக்கத்திலிருந்த கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். “என்னா மேடம், அந்தம்மா ஊமையா?” என்று சிரித்தது கேட்டது. அவனுக்குத் தெரிந்தது என் முகமில்லை அக்கா, என் குரல்.

நேற்று ஏரிக்குப் போனேன். நாரைகளைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரை எதிர்க்கரைக்குக் கொண்டுபோனேன். பைக்கில் சாய்ந்து ஒரு ஆள் நின்றிருந்தான். அவன்தான். நான் பார்ப்பது தெரிந்தது போலக் கையைத் தூக்கி ஆட்டினான். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. பைனாகுலரைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நான் உன்னிடம் வந்துவிடலாம். வந்தால் அவனுக்கு நானே வழிகாட்டியதாகிவிடும். கலைவாணன் அண்ணனுக்கு ஃபோன் செய்யலாம். செய்தால் அவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது?

பலகையைக் கழற்று அக்கா. காரணம் கேட்காமல் கழற்று. கதவைத் தாழிடு.

புவனா


போடி
22 டிசம்பர் 2024

புவனாவுக்கு,

ஆசிகள். கிறிஸ்துமஸ் கவுன்களில் மாட்டிக்கொண்டதால் பதில் தாமதம். உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்காக இல்லை, உனக்காக. நீ ஏன் போலீசுக்குப் போகவில்லை? ஏரிக்குத் தனியாகப் போகாதே. பலகை இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ பயப்படும்போதெல்லாம் என் கதவைச் சாத்தச் சொல்வது ஏனென்று இன்னும் விளங்கவில்லை.

நேற்று நம் ஊர் ஆள் ஒருவர் வந்தார். ஏலக்காய் வியாபாரத்துக்காக வந்திருக்கிறாராம். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மரியாதையான ஆள். மனைவிக்குப் பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று துணியும், அளவுக்கு ஒரு பச்சை ஜாக்கெட்டும் கொடுத்தார். நிறையப் பேசினார். உதடு வேகமாக அசைந்ததில் பாதிதான் பிடிபட்டது, சும்மா தலையாட்டி வைத்தேன். ‘நீங்க காஞ்சிபுரமா’ என்று கேட்டது மட்டும் தெரிந்தது. இல்லை என்று கையை அசைத்தேன். சிரித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அவர் போன பிறகு அளவு ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். இடது தோளில் தையல் பிரிந்து, துணியும் கிழிந்திருந்தது. போட்டுப் போட்டு விட்டுப்போகிற தையல் வேறு மாதிரி இருக்கும். என்னிடமும் அப்படி ஒரு ஜாக்கெட் இருந்தது.

சாயங்காலம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. புவனா, அவன்தானா இவன்? இங்கே ஏன் வந்தான்?

உடனே எழுது.

அம்சவேணி


காஞ்சிபுரம்
24 டிசம்பர் 2024
(ஸ்பீட் போஸ்ட்)

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதி முடித்ததும் திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடுவேன். படித்தால் கிழித்துவிடுவேன். முன்பு இரண்டு முறை அப்படித்தான் ஆனது.

அந்தப் பெண் வீட்டை விட்டு வருவதற்கு முன் கடைசியாக அழைத்த நாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசவே இல்லை. நானும் விதிப்படி காத்திருந்தேன். கடைசியில், “உங்களுக்கு இன்னாமா தெரியும். ஃபேன் காத்துல உக்காந்துக்கினு கேட்டுக்கினு இருக்கீங்க. நான் வைக்கிறேன்” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும் அக்கா. நீ கடைசியாக நம் வீட்டுக்கு வந்த அன்று, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘உனக்கென்ன தெரியும் புவனா’ என்று சொன்ன குரல் அது. வைத்துவிட்டால் இனி அழைக்க மாட்டாள் என்று தோன்றியது.

“தெரியும்மா. எனக்கும் அதேதான் நடந்துச்சு” என்றேன்.

சொந்தக் கதையைச் சொல்லக்கூடாது என்பது விதி. நான் சொன்னது என் சொந்தக் கதை இல்லையே என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டேன். அதனால் விதியை மீறவில்லை என்றும் நினைத்தேன். உன் கதையைச் சொன்னேன். நெய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டது, தறிக்குழியில் தள்ளிவிட்டது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது. “இப்ப ரொம்ப தூரத்துல இருக்கேன். மையத்துக்கு வர ஃபோன இங்க திருப்பி விடுவாங்க. தையக்கடை வச்சிருக்கேன். புருஷன் செத்துட்டாருன்னு சொல்லிக்கினு நிம்மதியா இருக்கேன். பயமே இல்ல” என்றேன். ஊர் பெயரைச் சொல்லவில்லை. மலையடிவாரம் என்றேன். தெருவெல்லாம் ஏலக்காய் மணக்கும் என்றேன். கேட்பவளுக்கு அந்த மணம் எட்ட வேண்டும் என்று சொன்னேன். நான் அம்சவேணியாகவே ஆகிவிட்டேன் அந்த நேரத்துக்கு. உன் காதை மட்டும் விட்டுவிட்டேன். ஃபோனில் பேசுகிற அம்சவேணிக்குக் காது கேட்காது என்று எப்படிச் சொல்வது?

அவள் குழாயை மூடினாள். “அப்ப நானும் வந்துடறேன்” என்றாள். வந்துவிட்டாள்.

வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்ன ஃபோனில், எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும்படி அவன் வைத்திருந்திருக்கிறான். அது அவளுக்கே தெரியாது. ஃபோனை விட்டுவிட்டு வரச் சொன்னது நாங்கள்தான்.

நவம்பரில் ஒரு நாள் ஃபோனை எடுத்தேன். “வணக்கம், அம்சவேணி பேசுறேன்” என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் என் குரலே பேசியது. ‘தெரியும்மா. எனக்கும் அதேதான் நடந்துச்சு.’ முழுவதும் ஓடவிட்டான். பிறகு, “ஏலக்காய் மணக்கிற ஊர் ஒண்ணுதாம்மா இருக்குது. போறேன், பாத்துக்கினு வரேன். அதுக்குள்ள அவள அனுப்பிடு” என்று சொல்லிவிட்டு வைத்தான். மேடத்திடம் அன்றே சொன்னேன். போலீசில் புகார் கொடுத்தோம். ஆனால் “அக்காகிட்ட சொல்லிட்டியா?” என்று மேடம் கேட்டபோது ‘சொல்லிட்டேன்’ என்று தலையாட்டினேன்.

பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெட்கம். பெயரை எடுத்துக்கொள், மற்றதைத் தொடாதே என்று நீ எழுதியபோது மற்றதையும் நான் எடுத்துவிட்டிருந்தேன்.

அவன் வருவான் அக்கா. கடையைப் பூட்டிவிட்டு பாப்பாவின் ஹாஸ்டலுக்குப் போய்விடு. அவன் பின்னால் வந்து நின்றாலும் உனக்குக் கேட்காது. நான் தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புவனா


காஞ்சிபுரம்
30 டிசம்பர் 2024

அக்கா,

நீ இருபத்திரண்டாம் தேதி எழுதியது இன்று காலைதான் வந்தது. இடையில் சனிக்கிழமை கடந்துபோயிருக்கிறது.

படித்ததும் அலமாரியைக் குடைந்தேன். உன் பழைய பில்லின் பின்னால் கலைவாணன் அண்ணன் நம்பர் இருந்தது. அடித்தேன். “இருக்காங்கம்மா, நல்லாத்தான் இருக்காங்க” என்றார். “அவன் வந்தானா?” என்று கேட்டேன். “ஒங்கிட்ட எதுவுஞ் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா. எழுதுவாங்களாம்” என்றார். நான் கிளம்பி வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். உன் முன்னால் வாயசைத்துக் கேட்டிருப்பார் போல. “வர வேணாங்கறாங்க” என்றார். வைத்துவிட்டார்.

உயிரோடு இருக்கிறாய். அது போதும் என்று நினைக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. உன்னை என்ன செய்தான்? உன் கையெழுத்தைப் பார்க்கும்வரை நான் எதையும் நம்ப மாட்டேன். திட்டியாவது எழுது.

புவனா


போடி
1 ஜனவரி 2025

புவனாவுக்கு,

வருஷம் பிறந்திருக்கிறது. நலமாகத்தான் இருக்கிறேன். உடனே எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. படித்தேன். உன் மேல் வந்த கோபத்தில் அவனைப் பற்றிய பயம் சாயங்காலம்வரை வரவே இல்லை. நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லாததை நீ ஒரு முகம் தெரியாதவளுக்குச் சொல்லியிருக்கிறாய். பூட்டிவிட்டு ஓடச் சொல்கிறாய். ஒரு தடவை ஓடியாயிற்று. பாப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடியாயிற்று. இனி எந்த ஊருக்குப் போவேன். ‘நாளைக்கு ஒரு ஆள் வருவான், கண்ணை இந்தப் பக்கமே வைத்திருங்கள்’ என்று கலைவாணன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தான். நான் மெஷினில் குனிந்திருந்தேன். பாதத்தில் வாசல் பலகை அதிர்ந்தது. நிமிர்ந்தால் எதிரில் நிற்கிறான். சிரிக்கவில்லை. உதடு மெதுவாக அசைந்ததால் எல்லாம் தெரிந்தது. “எங்க வச்சிருக்க அவள?” என்றான். மெஷின் ஊசி என் விரலில் ஏறிவிட்டது. அவன் ஃபோனை எடுத்தான். நீ பேசியதைப் போட்டான். சத்தமாகப் போட்டிருப்பான் போல. கலைவாணன் அண்ணன் கரண்டியோடு வந்து நின்றார். பூக்கட்டுகிற அம்மா வந்தாள். ஏலக்காய் மூட்டை இறக்குகிறவர்கள் வந்தார்கள். எல்லோரும் கேட்டார்கள் புவனா. என் கதை என் கடை வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே அதைக் கேட்க முடியாதவள் நான் ஒருத்தி. அவர்கள் முகத்தைப் பார்த்து எந்த இடம் ஓடுகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பூக்கட்டுகிற அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். தறிக்குழி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன் சாகவில்லை என்கிற இடம்.

கலைவாணன் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். பிறகு அவரிடமே எழுதிக் காட்டச் சொல்லி வாங்கினேன். அவர் சொன்னது இது: “ஏய்யா, இது போன்ல பேசுனதா? யாரு, இந்தத் தங்கச்சியா? தலமேல இடி விழுந்தாலே இதுக்குக் கேக்காது. போன்ல பேசுச்சாக்கும். நீ எந்த ஊருக் கிறுக்கன்யா?” மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் நம்பவில்லை. என் பின்னால் போய் ஏதோ கத்தினானாம். நான் திரும்பவில்லை. எப்படித் திரும்புவேன், எனக்குத் தெரியவே தெரியாது. எஃகுக் கத்தரிக்கோலை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் போட்டானாம். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேனாம். அவன் முகம் செத்துப்போயிற்று என்றார் அண்ணன்.

உன் கதையில் நீ விட்டுவிட்ட காது என்னைக் காப்பாற்றியது. அடித்து அடித்து அதை அவித்த என் புருஷனுக்கு அந்தப் பெருமை போகக்கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். நானும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஊர் ஸ்டேஷனோடும் பேசினார்கள். இனி வர மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றினார்கள். காகிதம் எத்தனை நாள் நிற்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

மறுநாள் கடை திறக்க எனக்குத் துணிவில்லை. திறந்தேன். பூக்கட்டுகிற அம்மா வந்து ஒரு முழம் மல்லிகையை மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷம் எனக்கு அவள் பூ கொடுத்ததில்லை, நான் புருஷன் செத்தவள் என்பதால். வைத்துக்கொள்ளவில்லை. தள்ளியும் வைக்கவில்லை. பொங்கலுக்குப் பாப்பா வருகிறாள். யாராவது சொல்வதற்குள் நானே அவளிடம் சொல்ல வேண்டும்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். நீ இரண்டை விட்டுவிட்டாய். ஒன்று என் காது. அதை மன்னித்தேன். இன்னொன்று என் பயம். ‘பயமே இல்ல, நிம்மதியா இருக்கேன்’ என்று அவளிடம் சொன்னாயே, அதை எங்கிருந்து எடுத்தாய்? மெஷினைத் தெருப் பக்கம் பார்த்துப் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று நினைத்தாயா? வடக்கேயிருந்து பஸ் வந்தால் இறங்குகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் இன்றைக்கும் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் அடுத்த தையல். ‘அம்சவேணி அக்காவுக்குப் பயமே இல்லை’ என்று நம்பி ஒருத்தி வீட்டை விட்டு வந்திருக்கிறாள். இப்போது அவளுக்கு ராத்திரி பயம் வரும்போது என்ன நினைப்பாள்? தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைப்பாள். நான் அப்படித்தான் நினைத்தேன். போய் மிச்சத்தையும் சொல். என் பெயரிலேயே சொல். இந்த முறை நானே தருகிறேன்.

அந்தப் பச்சை ஜாக்கெட்டை அவனிடம் கொடுக்கவில்லை. தோளைச் சரியாக்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். அவளுடையது, அவளிடம் கொடு.

கடைசியாக ஒன்று. அவன் வந்தபோது உன் ஸ்பீட் போஸ்ட் கவர் மெஷின்மேல் கிடந்தது. அனுப்புநர் முகவரி மேலே தெரிந்ததா, கவிழ்ந்திருந்ததா, நினைவில்லை. பேசியது நான் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் அவன் பஸ் ஏறியிருக்கிறான். பேசியது யார் என்று இனித் தேடுவான்.

கதவைத் தாழிடு புவனா. காரணம் சொல்லிவிட்டேன்.

அம்சவேணி


காஞ்சிபுரம்
19 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவிடம் சொன்னாயா? அவள் என்ன சொன்னாள்? நீ எழுதும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். உன் விரல் ஆறிவிட்டதா?

மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பொய்யாகத் தலையாட்டியது உட்பட. திட்டவில்லை. “கொஞ்ச நாள் ஃபோன் எடுக்காதம்மா” என்றார். என் மேசையில் இப்போது ஃபோன் இல்லை. வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டால் எஸ்தர் என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். இதுவரை வந்தவர்கள் எல்லாம் புடவைக் கடைக்காரர்கள். போலீஸ்காரர் ஒருவர் இரண்டு முறை வீட்டுப்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனார். லோகேஷ் முழங்காலோடு என்னை மையத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்.

மேடத்தோடு அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அதுவரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் பேசியதும் குரலைக் கண்டுகொண்டாள். “அம்சவேணியக்கா” என்று எழுந்து நின்றாள். சின்னப் பெண். நான் நினைத்ததைவிடவும் சின்னவள்.

நான் அம்சவேணி இல்லை என்றேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். காதைப் பற்றிச் சொன்னேன். அவன் போடிக்குப் போனதைச் சொன்னபோது சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜாக்கெட்டைக் கையில் கொடுத்தேன். தோள்பட்டையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன், மெஷினை ஏன் தெருப் பக்கம் போட்டிருக்கிறாய், பஸ் வந்தால் என்ன செய்கிறாய் என்பதை.

“இன்னமுமா பயமா இருக்குதாம் அவங்களுக்கு?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா, இருக்குதாம்.”

“இருந்துக்கினே கடை தொறக்கறாங்களா?”

“தினமும்.”

அவள் ஜாக்கெட்டை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். நாங்கள் கிளம்பும்போது, “நான் இங்க வந்ததுலேர்ந்து தூங்கலக்கா. எனக்கு மட்டுந்தான் இப்படின்னு திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன். இந்தக் கடிதத்தை எழுதும்போது எழுந்து போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தேன். இது முடிந்ததும் மறுபடியும் பார்ப்பேன். நாளைக் காலை திறப்பேன்.

உன் தங்கை,
புவனேஸ்வரி